இரங்கல் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார, மாத இதழ்களின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நாடக மேடையிலும் திரையிலும் திருவிழாப் பந்தலிலும் மக்களை மகிழ்வித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர் இறந்ததும் உங்கள் இதழ்களில் வெளியாகும் செய்தியைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். முன்னணி நட்சத்திரம் ஒருவர் மறைந்தால் நீங்கள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறீர்கள். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. என் முறையீடு இரண்டாம் வரிசையிலும் அதற்குப் பின்னாலும் நின்றவர்களைப் பற்றியது. பபூன் வேடக்காரர், ஆர்மோனியக்காரர், வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர், திரையில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடியவர், சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுந்தவர் என்று இந்த வரிசை நீளும். இவர்களுக்குக் கிடைப்பது ஒற்றைப் பத்தி. அதுவும் எல்லோருக்கும் ஒரே பத்தி.

அந்தப் பத்தி உங்களுக்கும் மனப்பாடமாகவே இருக்கும். பழம்பெரும் நடிகர் காலமானார். அவருக்கு வயது இத்தனை. உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த அவர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார். முன்னூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துள்ளார். அவருக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும் உள்ளனர். அவரது உடலுக்குத் திரையுலகினர் மலர்மாலை வைத்து அஞ்சலி செலுத்தினர். இந்த ஆறு வாக்கியங்களில் பெயரையும் வயதையும் எடுத்துவிட்டு வேறொருவரின் பெயரையும் வயதையும் வைத்தால் செய்தியில் உறுத்தல் எதுவும் தெரியாது. எந்த மருத்துவமனை, உயிர் பிரிந்த நேரம் என்ன, யார் யார் மாலை வைத்தார்கள் என்பவையெல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. அந்த மனிதர் அறுபது ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. (அந்த ‘முன்னூறுக்கும் மேற்பட்ட’ என்பதற்கு நம் இதழ்களில் தனி மவுசு உண்டு, எண்ணிப் பார்த்தவர் யார் என்று இதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

எழுத்தாளர் இறந்தால் நூல்கள் நிற்கின்றன. கட்டடக் கலைஞர் இறந்தால் கட்டடம் நிற்கிறது. கேளிக்கைக் கலைஞரின் வேலை செய்து முடித்த கணத்திலேயே காற்றோடு போய்விடுகிறது. திரைப்படம் என்றால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளியானது; அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பாடிப் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அதே ராஜலட்சுமி 1936இல் தாமே எழுதி இயக்கிய ‘மிஸ் கமலா’வும் இல்லை. தென்னிந்தியத் திரையுலகின் முதல் பெண் இயக்குநரை அறிந்துகொள்ள இன்று நமக்குக் கையில் இருப்பவை பாட்டுப் புத்தகங்களும், விளம்பரங்களும், அன்றைய பத்திரிகைகள் எழுதிய சில பத்திகளுமே. படச்சுருளே பிழைக்காத இடத்தில் பத்திரிகையின் பத்தி பிழைத்திருக்கிறது என்றால், அந்தப் பத்தியை எழுதும் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெண் கலைஞர்கள் விஷயத்தில் இந்தச் சுருக்கம் இன்னும் கொடியது. கே.பி. சுந்தராம்பாளை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் அவரைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் அவருடைய கணவரும் மேடையில் உடன் நடித்தவருமான எஸ்.ஜி. கிட்டப்பாவில் தொடங்கி வெள்ளைச் சேலையில் முடிகின்றன. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன் பிறகு 47 ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். அந்த 47 ஆண்டுகளும் சும்மா கழிந்தவை அல்ல. 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே அவர் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தில் எவரும் நம்ப மறுத்த ஊதியம். 1958இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். 1969இல் வெளியான ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். தம் ஊதியத்தைத் தாமே பேசி வாங்கவும், தனியொரு பெண்ணாகத் தொழிலை நடத்தவும், அரசியல் மேடையில் பாடி ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைக்கவும் தெரிந்த ஒருவரைத் துக்கத்தின் உருவமாக மட்டும் நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவரளவு பெயர் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் பெறாத ஸ்திரீபார்ட் (நாயகி வேட) நடிகை யாருடைய மனைவி, யாரால் கைவிடப்பட்டவர் என்ற இரண்டு தகவல்களோடு முடிந்துபோவதில் வியப்பில்லை.

நினைக்கப்படுவதற்கு நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு. ஏதாவது ஓர் இயக்கம் அந்தக் கலைஞரைத் தன்னவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்ததற்காகச் சில நடிகைகள் உடன் நடிக்க மறுத்த எஸ்.எஸ். விஸ்வநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸின் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ பாட்டைப் பாடிப் பிரிட்டிஷ் அரசைச் சீண்டிப் பலமுறை சிறை சென்றவர். 1940ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மதுரையின் நாடக மேடையிலிருந்து விடுதலைப் போராட்டத்துக்கும் பிறகு பொதுவுடைமை இயக்கத்துக்கும் சென்று 1967இல் சட்டமன்ற உறுப்பினரான கே.பி. ஜானகியம்மாளின் பெயரும் அவருடைய கட்சியினரால் மறக்கப்படவில்லை. ஆனால் அதே மேடைகளில், அதே இரவுகளில், கொடியும் சிறையும் இல்லாமல் வெறுமனே பாடியும் சிரிக்கவைத்தும் ஊரை விடிய விடிய விழித்திருக்கச் செய்தவர்களுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை. கொள்கைக்காகப் பாடியவர் தியாகி. வயிற்றுப்பாட்டுக்காகப் பாடியவர் கூத்தாடி என்ற பழைய கணக்கு நம் நினைவஞ்சலிகளில் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. இந்தக் கணக்கைத் திருத்தக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். எந்த இயக்கத்துக்கும் வேண்டாத ஒருவரைப் பற்றி எழுதுவதற்குப் பத்திரிகையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

என்ன எழுதுவது என்ற கேள்வி எழலாம். ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற கதைகளை வைத்து மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்துக் கோயில் விழாக்களில் இன்றும் நடக்கிற கலை அது. ஒரு கம்பெனி, ஒரு முதலாளி, ஒரு குழு என்ற ஏற்பாடு அதில் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக்கருவிகளை வாசிப்பவர்) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைக்கிறார்கள். ஒத்திகை என்பதே இல்லை. சில வேளைகளில் நாயகனும் நாயகியும் அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஆயினும் இரவு பத்து மணிக்கு மேல் பபூன் மேடையேறியதிலிருந்து விடியும்வரை நாடகம் தடையின்றி ஓடுகிறது. நாரதரும் வள்ளியும் மோதிக்கொள்ளும் தர்க்கத்தில், எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைப் போடுவார் என்று இருவருக்குமே தெரியாது. தெரிந்த பாடல்களின் கையிருப்பும், சமயத்தில் வாயில் வந்து விழும் சொல்லும்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன. பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர், ஒரே இரவில் வெவ்வேறு கட்டையில் பாடும் குரல்களுக்கெல்லாம் சுருதி கொடுத்து, நடிகர் வரி மறந்தால் எடுத்துக்கொடுத்து, பபூனின் கேலிக்குப் பதிலும் சொல்லி, மொத்த நாடகத்தையும் இழுத்துச் செல்கிறார்.

அப்படிப்பட்ட ஓர் ஆர்மோனியக்காரர் இறந்தால், ‘இசைக்கலைஞர் காலமானார்’ என்று எழுதுவதில் என்ன பயன்? அவர் யாரிடம் பெட்டி பிடிக்கக் கற்றார், கால் ஆர்மோனியமா கைப்பெட்டியா, எந்த நடிகர் அவர் இல்லாமல் மேடையேற மறுப்பார், பாடகரின் சுருதி விலகும்போது அதை மறைக்க என்ன செய்வார், முன்வரிசைக் கூட்டம் சலசலக்கத் தொடங்கினால் எந்த மெட்டை எடுத்து அடக்குவார் என்று அவரோடு வாசித்த மிருதங்கக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டால் போதும். உங்கள் துணையாசிரியருக்கு இரண்டு பத்தியல்ல, ஒரு பக்கமே கிடைக்கும். பபூனைப் பற்றி எழுதும்போது ‘தம் நகைச்சுவையால் ரசிகர்களைச் சிரிக்க வைத்தவர்’ என்று எழுதாதீர்கள். எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று எழுதுங்கள். அவருடைய ஒரு துணுக்கையாவது அவர் சொன்ன நடையிலேயே அச்சேற்றுங்கள். அச்சேற்ற முடியாத துணுக்கு என்றால் அதையும் குறிப்பிடுங்கள், அவர் எப்படிப்பட்ட பபூன் என்பது வாசகருக்குத் தாமே விளங்கிவிடும்.

பரவை முனியம்மா 2020 மார்ச்சில் மறைந்தபோது வந்த செய்திகளில் ஒரு திரைப்படப் பாட்டே முன்னால் நின்றது. அந்தப் படம் வெளியானது 2003இல். அதற்கு முன்பே பல காலம் மேடை மேடையாக நாட்டுப்புறப் பாடல்களைப் பாடிவந்தவர் அவர். படம் அவரைத் தேடி வந்ததே அந்த நாட்டுப்புறப் பாட்டுக்காகத்தான். திரைக்கு வருவதற்கு முந்தைய வாழ்க்கையை வெறும் முன்கதையாக நடத்தும் இந்தப் பழக்கம் நாட்டுப்புறக் கலைஞர் அனைவர் விஷயத்திலும் தொடர்கிறது.

இனி, சற்றுக் கசப்பான ஒன்று. இறந்தவரைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது என்பது நம் மரபு. அதனால் குடித்தவர், கடன் வாங்கியவர், சண்டைக்காரர், வாயாடி, படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்து எல்லோரையும் காக்க வைத்தவர் என்று எல்லோரும் இறந்த மறுநாள் ‘அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்’ ஆகிவிடுகிறார்கள். நாலைந்து ஆண்டுகள் கழித்து அதே மனிதரைப் பற்றி ‘குடியால் அழிந்த கலைஞன்’ என்று தொடர் எழுதுவதும் இதே இதழ்கள்தாம். ஜே.பி. சந்திரபாபு இரண்டுக்கும் ஆளானவர். தாமே பாடி, தாமே ஆடி, குரலைச் சட்டென்று உடைத்து மேலேற்றிப் பாடும் மேற்கத்திய யோட்லிங் முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, சென்னைத் தெருவின் பேச்சைத் தூத்துக்குடியில் பிறந்த தம் நாவில் வரவழைத்துக்கொண்ட அந்தக் கலைஞர் 1974இல் 46 வயதில் மறைந்தார். இன்று அவரைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பகுதி அவருடைய வீழ்ச்சியைப் பற்றியவை. அவர் உடம்பு எப்படி வளைந்தது, குரல் எந்த இடத்தில் உடைந்து மேலேறியது, உடன் நடிப்பவருக்கு அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று தெரியாதபடி எப்படி நடித்தார் என்பதையெல்லாம் தேடினால்தான் கிடைக்கும். வீழ்ச்சியை மறைக்கச் சொல்லவில்லை. திமிரும் கேலியும் செலவாளித்தனமும் அவரோடு பிறந்தவை. அவற்றைத் துடைத்தெடுத்தால் மிஞ்சுவது சந்திரபாபு அல்ல. கலையையும் குணத்தையும் ஒரே கட்டுரைக்குள் வைத்து எழுதுங்கள் என்பதே வேண்டுகோள். குறையைச் சொன்னால் குடும்பத்தார் வருந்துவார்கள் என்று தயங்குவது நியாயமான தயக்கம். ஆனால் என் கணிப்பில், தம் தந்தையை அடையாளமே தெரியாத உத்தமராக மாற்றி எழுதியதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி இருக்காது.

வறுமைக் கட்டுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘அன்று மேடையில் ராஜா, இன்று ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லை’ என்ற வகைக் கட்டுரைகளால் சிலருக்கு உதவி கிடைத்திருக்கிறது என்பது உண்மை. இயல் இசை நாடக மன்றத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அப்படியொரு செய்தி வந்த பிறகுதான் சிலருக்குத் தெரியவருகிறது. அதனால் எழுத வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வீட்டின் ஒழுகும் கூரையைப் படம் பிடித்த செய்தியாளர், அந்தக் கலைஞரைப் பத்து நிமிடம் பாடச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால் என்ன? இரக்கம் வாரக் கடைசியில் வடிந்துவிடும். பாட்டு பதிவாகியிருந்தால் அது இருக்கும்.

மூலப்பொருள் கிடைப்பதில்லை என்று சொல்வதற்கும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் தம்மோடு நடித்தவர்களையும் தாம் பார்த்த நடிகர்களையும் பற்றி விரிவாக எழுதி வைத்தார். அவ்வை டி.கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கையை எழுதும்போது கூட இருந்த வாத்தியார்களையும் பின்பாட்டுக்காரர்களையும் விட்டுவிடவில்லை. மதுரகவி பாஸ்கரதாஸ் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். எங்கே போனார், யாருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார் என்று சுருக்கமாகக் குறித்த அந்த வரிகள் பேரனின் முயற்சியால் நூலாகி, ஒரு காலத்து நாடக உலகத்தையே நம் முன் நிறுத்துகின்றன. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொரு மனிதராகச் சேர்த்த படங்களும் பட்டியல்களும் இல்லாவிட்டால் தமிழ்த் திரை வரலாற்றில் பாதி ஊகமாகியிருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் ஆய்வாளரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் தனிமனிதர்களின் பிடிவாதத்தால் நடந்தவை. நாள்தோறும் லட்சக்கணக்கான பிரதிகள் அச்சடிக்கும் நிறுவனங்கள் இந்த வேலையில் எங்கே இருக்கின்றன என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2018ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஒன்றைச் செய்தது. 1851 முதல் தான் வெளியிட்டுவந்த இரங்கல் கட்டுரைகளில் பெரும்பாலானவை வெள்ளை ஆண்களைப் பற்றியவை என்பதை ஒப்புக்கொண்டு, விடுபட்டுப்போனவர்களுக்குக் காலங்கடந்து இரங்கல் கட்டுரை எழுதும் தொடரைத் தொடங்கியது. முதல் நாள் வெளியான பதினைந்து பெண்களின் பட்டியலில் 1969இல் மறைந்த இந்தி நடிகை மதுபாலாவும் இருந்தார். இறந்து அரை நூற்றாண்டு கழித்து எழுதினாலும் இரங்கல் கட்டுரை செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் ஞாயிறு மலர்களில் அப்படியொரு பகுதிக்கு ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. ‘கோவலன்’ நாடகத்தில் காளி வேடம் கட்டியதாலேயே பெயரோடு காளியைச் சேர்த்துக்கொண்டு, பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் பையன்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த வாத்தியாராகவும் விளங்கிய காளி என். ரத்தினத்திலிருந்தே தொடங்கலாம். அவரோடு ஜோடி சேர்ந்து நகைச்சுவையில் கலக்கிய சி.டி. ராஜகாந்தத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஜோடியில் பாதியாக எழுதிவிடக் கூடாது.

நான் கேட்பவை உங்கள் செலவுக் கணக்கைக் குலைப்பவை அல்ல. எழுபது வயதைக் கடந்த கலைஞர்களை, அவர்கள் நலமாக இருக்கும்போதே, மாவட்டச் செய்தியாளர் சந்தித்துப் பேசிப் பதிவு செய்து வைக்கட்டும். தலைவர்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் நீங்கள் முன்கூட்டியே எழுதி வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிறந்த ஊரையும் ஆண்டையும் இணையத்தில் பார்த்து எழுதாமல் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பழைய குழுப் படங்களை வெளியிடும்போது நடுவில் நிற்கும் நாயகரின் பெயரை மட்டும் போட்டு ‘மற்றும் பலர்’ என்று முடிக்காமல், அந்தப் பலர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். இன்னொன்று: திரைத்துறையினரின் இரங்கல் அறிக்கைகளைத் தொகுத்துப் போடுவதைப் பாதியாகக் குறைத்தாலே மேற்சொன்னவற்றுக்கு இடம் கிடைத்துவிடும். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஒன்பது பேர் சொல்வதை வாசகர் ஒன்பது முறை படிப்பதில்லை.

வரும் நவம்பர் 13 சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாள். அதையொட்டி நாடகக் கலைஞர்கள் மதுரையில் ஒன்றுகூடி அவருக்கு விழா எடுப்பது நெடுநாள் வழக்கம். கோயில் விழாக்களின் நெருக்கடி ஓய்ந்திருக்கும் பருவமாதலால், வேறு நாள்களில் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் அங்கே ஒரே இடத்தில் சந்திக்கலாம். சிலைக்கு மாலை அணிவிக்கும் படத்தை எடுத்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடாமல், உங்கள் செய்தியாளர் இரண்டு நாள் தங்கும்படி அனுப்பி வையுங்கள். கூட்டத்திலேயே வயது முதிர்ந்த ஆர்மோனியக்காரர் யார் என்று கேட்டு, அவரிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களின் இரங்கல் செய்திகளைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர்